கரண்ட் வைத்தும் கட்டி ஏன் திரும்ப வந்தது? சினைப்பைப் புற்றுநோயில் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

எனக்குச் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து, பார்க்க வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டது "கரண்ட் வைக்கலையா?" என்பதுதான். நம் ஊர்ப் பக்கம் புற்றுநோய் என்றாலே கரண்ட் வைப்பது, அதாவது ரேடியேஷன். அதற்குக் காரணமும் இருக்கிறது. இங்கே பெண்களுக்கு அதிகம் வந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், அதற்கு முக்கிய வைத்தியமே கதிர்வீச்சு. ஆகவே ஒவ்வொரு தெருவிலும் கரண்ட் வைத்துப் பிழைத்த ஒரு பெரியம்மா இருப்பார். சினைப்பைக் கதை வேறு என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானாகத் தெரிந்துகொள்வதற்குள் கையிலிருந்து இரண்டேகால் லட்சம் ரூபாயும், அதைவிட முக்கியமாக ஒன்றரை மாதமும் போய்விட்டது. இன்னொருத்திக்கு அது போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் கரூரில் ஒரு கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து விருப்ப ஓய்வு வாங்கியவள். கணவர் இல்லை. மகன் வெளிநாட்டில் இருக்கிறான், போனில் அழ முடியும், கூட வர முடியாது. ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததெல்லாம் பெரும்பாலும் நான் ஒருத்திதான்.

ஆரம்பத்தில் எனக்கு வந்தது வயிறு உப்புசம். இரண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு முட்டியது போல இருக்கும். புடவை இடுப்பில் இறுகியது, சரி வயசாகிறது, தொப்பை போடுகிறது என்று நினைத்தேன். அடிக்கடி ஒன்றுக்கு வந்தது, சர்க்கரை பார்த்தோம், இல்லை. கேஸ் என்று மாத்திரை, அப்புறம் எண்டோஸ்கோப்பி, அப்புறம் வேறு கேஸ் மாத்திரை. மாதக்கணக்கில் இப்படியே போனது, நாற்பதாயிரம் செலவானது. கடைசியில் ஒரு சாதாரண வயிற்று ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே தண்ணீர் கோத்திருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகும் வயிற்று டிபியாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. இந்தச் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன், நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் இதே மாதிரி தண்ணீர் கோக்கும், சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையையும் ஏற்றிவிடும். அந்தப் பரிசோதனை சாதாரணமாக 35க்குக் கீழே இருக்க வேண்டும், எனக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தண்ணீரை எடுத்துச் சோதித்து, திசுவும் எடுத்துப் பார்த்த பிறகுதான் உறுதியானது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்குப் புதிதாக உப்புசமும் சீக்கிரம் வயிறு நிறைகிற உணர்வும் வந்து இரண்டு மூன்று வாரத்தில் போகவில்லை என்றால், எண்டோஸ்கோப்பிக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் அடிவயிற்றையும் சேர்த்து ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இந்த நோய் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது நிலையில்தான் பிடிபடுகிறது. எனக்கும் மூன்றாவது நிலை.

வைத்தியம் எல்லோருக்கும் நடக்கிற மாதிரிதான் நடந்தது. கார்போபிளாட்டின், பேக்ளிடாக்செல் என்ற இரண்டு மருந்தும் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மூன்று கீமோ முடிந்ததும் பெரிய ஆபரேஷன், மறுபடி மூன்று கீமோ. முடி கொட்டியது, விரல் நுனி மரத்துப்போனது, பூ கட்ட முடியவில்லை. ஆனால் சி.ஏ.125 பத்துக்கு வந்துவிட்டது. எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தேன். அப்போதும் அதே கேள்விதான், "கரண்ட் வைக்காம விட்டுட்டாங்களே, வேரோட போயிருக்குமா?" அந்தக் கேள்வி என் தூக்கத்தைக் கெடுத்தது. நான் போன ஆஸ்பத்திரியில் ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்றே உள்ளூர நினைத்துக்கொண்டிருந்தேன்.

குறை வைக்கவில்லை. ஒரு காலத்தில் சினைப்பைப் புற்றுநோய்க்கு வயிறு முழுவதும் கதிர்வீச்சு கொடுத்துத்தான் இருக்கிறார்கள். 1978இல் அமெரிக்காவில் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்கு அனுமதி கிடைத்தது, 1990களில் பேக்ளிடாக்செல் வந்தது, அதன் பிறகு அந்த வழக்கம் மெல்ல மறைந்துவிட்டது. காரணம் எளிமையானது. இந்த நோய் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை, வயிற்றுக்குள் தண்ணீரோடு மிதந்து குடல் மேல், ஈரல் மேல், உதரவிதானத்துக்குக் கீழே என்று தூவிவிட்ட மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அப்படியானால் வயிறு முழுவதற்கும் கரண்ட் வைக்க வேண்டும். கதிர்வீச்சைக் கிரே என்ற கணக்கில் அளப்பார்கள். சிறுநீரகம் முழுதாகப் பட்டால் 20 கிரே அளவைச் சுற்றித்தான் தாங்கும், ஈரல் 30ஐச் சுற்றி, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கட்டியைச் சாகடிக்க 60 கிரே பக்கம் வேண்டியிருக்கும். கட்டி சாவதற்குள் குடலும் சிறுநீரகமும் போய்விடும். கர்ப்பப்பை வாய்க் கட்டி அடிவயிற்றில் ஓரிடத்தில் இருப்பது, உள்ளேயிருந்தும் வெளியிலிருந்தும் குறிவைத்துக் கொடுக்கலாம். இந்த வித்தியாசத்தை முதல் நாளே யாராவது ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எனக்கு அத்தனை ராத்திரி கெட்டிருக்காது. நீங்கள் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்: "எனக்கு ஏன் ரேடியேஷன் இல்லை?" பதில் சொல்லாத டாக்டர் குறைவு, நாம் கேட்காததுதான் அதிகம்.

ஒரு வருஷத்துக்குச் சற்று மேலே நிம்மதி. அப்புறம் சி.ஏ.125 கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, பெட் சி.டி. என்ற ஸ்கேன் எடுத்ததில் முதுகெலும்புக்கு முன்னால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய நெறிகட்டிகளில் நோய் தெரிந்தது. முற்றிய நிலையில் பிடிபடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு முதல் வைத்தியம் நன்றாகக் கேட்ட பிறகும் நோய் திரும்புகிறது என்பதை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்கள். இங்கே ஆறு மாதம் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ளுங்கள். கார்போபிளாட்டின், சிஸ்பிளாட்டின் இவற்றைப் பிளாட்டினம் குடும்ப மருந்து என்பார்கள். கடைசிப் பிளாட்டினம் கீமோ முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு நோய் வந்தால் அதே குடும்ப மருந்து மறுபடி கேட்க வாய்ப்பு அதிகம். ஆறு மாதத்துக்குள் வந்தால் பிளாட்டினத்துக்கு எதிர்ப்பு உண்டாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு மருந்தை மாற்றுவார்கள். ஆகவே கடைசி கீமோ தேதியை ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்திருங்கள், புதிதாகப் பார்க்கிற எந்த டாக்டரும் முதலில் தேடுவது அதைத்தான். பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் பரம்பரையாக வருகிற கோளாறு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையையும் முதல் முறையே கேட்டு எடுத்துவிடுங்கள். எனக்கு நோய் திரும்பிய பிறகுதான் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் ஒலாபரிப் மாதிரி மாத்திரையை முதல் வைத்தியம் முடிந்ததுமே தொடர்ந்து சாப்பிட்டிருக்கலாம். அது உங்களுக்கு மட்டுமில்லை, உங்கள் மகளுக்கும் தங்கைக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

இரண்டாம் சுற்று கீமோவில் நெறிகட்டிகள் சுருங்கின, ஆனால் முடித்து நான்கைந்து மாதத்திலேயே அதே இடத்தில் ஒன்று மறுபடி பெரிதாகி, முதுகில் துளைக்கிற மாதிரி வலி, இடது காலில் வீக்கம். அப்போதுதான் என் டாக்டர், "இந்த ஒரு கட்டிக்கு மட்டும் ரேடியேஷன் கொடுத்துப் பார்க்கலாம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். கடைசியில் கரண்ட் வைக்கப் போகிறார்கள், இனி வேரோடு போய்விடும் என்றுதான் நினைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் போன் போட்டுச் சொன்னேன். அந்த வைத்தியம் வலியைக் குறைப்பதற்காக, நோயைத் தீர்ப்பதற்காக அல்ல என்பது நான் கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரியாக இருந்தது. வாயால் சொன்னார்களா என்று எனக்கு ஞாபகமில்லை, சொல்லியிருந்தாலும் அந்த மனநிலையில் காதில் விழுந்திருக்காது. ரேடியேஷன் என்று சொன்னவுடன் "இது குணப்படுத்தவா, இல்லை வலியைக் குறைக்கவா?" என்று கேட்டு, பதிலை ஃபைலில் எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் கூட ஒரு ஆளை உட்கார வைத்து அவரையும் கேட்கச் சொல்லுங்கள், நம் காதுக்கு நல்லது மட்டும்தான் விழும்.

எனக்கு பத்து சிட்டிங், மொத்தம் 30 கிரே. படுக்க வைத்து ஸ்கேன் எடுத்து உடம்பில் மையால் குறி போடுவார்கள், அதைத் தேய்த்துக் குளித்துவிடக் கூடாது. மெஷினில் வலி ஒன்றுமில்லை, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான், படுத்து எழுவதற்குள் முடிந்துவிடும். வயிற்றுப் பகுதி என்பதால் வாந்தி வரும், அதற்கு மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடாமல் மெஷினுக்குப் போவதற்கு முன்னாலேயே போட வேண்டும், இதை நர்ஸ் சிஸ்டர் ஒருவர் மூன்றாம் நாள் சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. பேதிக்குப் பாலை நிறுத்தினேன், கீரையையும் நிறுத்தினேன், மோர் சாதமும் இளநீரும் கைகொடுத்தன. அசதி மட்டும் முடிந்த பிறகும் பல வாரம் இருந்தது. எல்லாம் முடிந்ததும் எந்த இடத்துக்கு எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்தத் தேதிகளில் என்ற சுருக்கத் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒரே இடத்துக்கு இன்னொரு முறை கொடுப்பதற்கு எல்லை உண்டு, பின்னால் வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தத் தாள் இல்லாமல் யாரும் தொட மாட்டார்கள்.

வலி பாதிக்கு மேல் குறைந்தது, கால் வீக்கமும் வடிந்தது. அந்த வகையில் கரண்ட் வைத்ததற்குப் பலன் இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் கட்டி சுருங்கியதே தவிரப் போகவில்லை, அடுத்த ஸ்கேனில் மறுபடி வளர ஆரம்பித்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. கீமோவுக்குத் தப்பிக்கிறது, கரண்டுக்கும் தப்பிக்கிறது, அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ரேடியேஷன் பிரிவில் இருந்த டாக்டரம்மாவிடம் சண்டை போடாத குறையாகக் கேட்டேன். அவர் சின்ன வயசு, வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், இருந்தும் ஒரு தாளை எடுத்து வட்டம் வட்டமாகப் போட்டுச் சொன்னார். "கட்டிக்குள்ள இருக்கற செல்லு எல்லாம் ஒரே மாதிரி இல்லீங்கம்மா. பெரும்பாலானது வேகமாப் பெருகும், வேகமாச் சாகும். கொஞ்சம் மட்டும் ஸ்டெம் செல் மாதிரி இருக்கும், அது தன்னையும் உண்டாக்கிக்கும், மத்ததையும் உண்டாக்கும்." வயலில் கோரையை மேலே அறுத்தாலும் அடியில் கிழங்கு கிடந்து மறுபடி துளிர்க்கிறதே, அப்படியா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்று சிரித்தார்.

அவர் சொன்னதையும் அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கதிர்வீச்சு ஒரு செல்லைக் கொல்வது அதன் டி.என்.ஏ.வின் இரண்டு இழையையும் ஒரே இடத்தில் அறுப்பதால்தான். நேரடியாக அறுப்பது குறைவு, செல்லில் இருக்கிற தண்ணீரை உடைத்து உண்டாகிற, பக்கத்தில் இருப்பதைத் தாக்குகிற ஃப்ரீ ரேடிகல் என்ற துகள்கள்தான் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்கின்றன. அடிபட்ட செல் இரண்டாகப் பிரிந்து பெருகப் போகும்போது செத்துவிழும். இந்தக் குருத்தணுக்கள், அதாவது ஸ்டெம் செல் போன்றவை, பல வழியில் தப்பிக்கின்றன. பல நேரம் பிரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும். அடிபட்டால் பிரிவதை நிறுத்திவைத்து, அறுந்த டி.என்.ஏ.வை ஒட்டுப்போட்டுச் சரிசெய்துகொள்ளும். குளூட்டாதயோன் போன்ற ஆன்டி ஆக்சிடன்ட் பொருட்களை நிறைய வைத்துக்கொண்டு ஃப்ரீ ரேடிகலைத் தணித்துவிடும். கட்டிக்குள் ரத்த ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் இல்லாத மூலையில் ஒதுங்கியிருக்கும், அங்கே அதே சேதத்தை உண்டாக்க இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். கீமோவுக்கு வேறு ஒரு வித்தை வைத்திருக்கின்றன, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகிற பம்புகள். வயிற்றுத் தண்ணீரில் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சேர்ந்து மிதந்தும் பிழைத்துக்கொள்ளும்.

இது கட்டுக்கதை இல்லை. 1994இல் டொரண்டோவில் ஜான் டிக்கின் ஆய்வுக்கூடம் ரத்தப் புற்றுநோயில் இப்படிப்பட்ட செல்களைக் காட்டியது. சினைப்பைப் புற்றுநோயில் முதலில் காட்டியவர்களில் நம் நாட்டுக்காரர் இருக்கிறார் என்பது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, புனேயில் தேசிய செல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஷர்மிளா பாபட்டும் அவர் குழுவும் முற்றிய நோயுள்ள ஒரு பெண்ணின் வயிற்றுத் தண்ணீரிலிருந்து எடுத்த செல்களை வைத்து 2005இல் எழுதினார்கள். கதிர்வீச்சுக்குத் தப்புவதை 2006இல் மூளைக் கட்டியிலும் 2009இல் மார்பகப் புற்றுநோயிலும் நன்றாகக் காட்டியிருக்கிறார்கள். மூளைக் கட்டி ஆய்வில் கதிர்வீச்சுக்குப் பிறகு மிஞ்சியதில் இந்தச் செல்களின் பங்கு கூடியிருந்தது. சினைப்பைப் புற்றுச் செல்களிலும் ஆய்வகத்தில் இதே போக்கைப் பார்த்திருக்கிறார்கள். டாக்டரம்மா பேச்சை முடிக்கும்போது ஒன்று சொன்னார், "இது ஏன்னு புரிஞ்சுக்க உதவும். இதை மட்டும் பார்த்துக் கொல்ற மருந்து இன்னும் நம்ம கையில இல்லீங்கம்மா." நான் முதல் பாதியை ஊரெல்லாம் சொன்னேன். இரண்டாம் பாதியைச் சொன்னாலும் யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. என் கொழுந்தனார் நல்லவர், எனக்காக எதையும் செய்வார். "அண்ணி, ஸ்டெம் செல்தான் காரணம்னா அதுக்கு ஸ்பெஷல் ட்ரீட்மெண்ட் இருக்குதாம்" என்று வேறு ஊரில் ஒரு தனியார் மையத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பளபளவென்று இடம், காபி கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் பொறுமையாகப் பேசினார்கள். நான் பார்த்த பெரிய டாக்டர்கள் யாரும் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்ததில்லை, அந்த ஒரு மணி நேரத்துக்கே நான் பாதி விழுந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கவுன்சிலர் என்று வந்த பெண் நான் டாக்டரம்மாவிடம் கேட்ட அதே வார்த்தைகளைச் சொன்னாள், தூங்கும் செல், வேர், திரும்ப முளைப்பது. கேட்கக் கேட்க இவர்களுக்குத்தான் விஷயம் தெரியும் என்று தோன்றியது. ரத்தத்தில் புற்றுநோய் ஸ்டெம் செல் எத்தனை என்று எண்ணிச் சொல்லும் பரிசோதனை 38 ஆயிரம். அது "அதிகம்" என்று வந்தது, யாருக்காவது குறைவு என்று வந்திருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன். அதை அழிக்கிற பேக்கேஜ் நாலரை லட்சம், முன்பணம் ஒன்றரை லட்சம் கட்டினோம். டிரிப் ஏற்றுவார்கள், மாத்திரை உண்டு, சாப்பாட்டுத் திட்டம் உண்டு, முடிந்ததும் மறுபடி கரண்ட் வைத்தால் "இந்தத் தடவை கேட்கும்" என்றார்கள். அங்கேயே லாட்ஜில் தங்க வேண்டும். என் வழக்கமான ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்க வேண்டிய வாரக் கீமோவைத் தள்ளிப்போடச் சொன்னார்கள், உடம்பு சுத்தமாக வேண்டுமாம்.

எனக்கு விழிப்பு வந்தது பில்லால்தான். வங்கியில் இருந்த பழக்கம், மொத்தத் தொகையோடு விட மாட்டேன், ஒவ்வொரு வரியாகப் பிரித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். ரொம்ப இழுத்தடித்துக் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலில் டிரிப்பில் போகிற முக்கிய மருந்து என்று இருந்தது குளூட்டாதயோன். லாட்ஜில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இந்தச் செல்கள் கரண்டுக்குத் தப்பிக்க எதைப் பயன்படுத்துகின்றன என்று டாக்டரம்மா தாளில் எழுதிக் காட்டினாரோ அதே பேர். அதைத்தான் காசு வாங்கிக்கொண்டு எனக்கு ஏற்றுகிறார்கள், அதை ஏற்றிவிட்டு மறுபடி கரண்ட் வைக்கச் சொல்கிறார்கள். டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். ரேடியேஷன் நடக்கும்போதும் அதையொட்டியும் இந்த மாதிரி ஆன்டி ஆக்சிடன்ட்டை அதிக டோஸில் டிரிப்பாகவோ மாத்திரையாகவோ எடுக்க வேண்டாம், சாப்பாட்டில் பழம் காய்கறி சாப்பிடுவது வேறு விஷயம் என்றார். அன்றைக்கே கிளம்பி வந்துவிட்டேன். பரிசோதனை, முன்பணம், லாட்ஜ், கார் எல்லாம் சேர்த்துத்தான் முதலில் சொன்ன இரண்டேகால் லட்சம். ரசீதைப் பார்த்தால் "ஆரோக்கிய ஆலோசனை" என்று போட்டிருக்கிறது, புற்றுநோய் என்ற சொல்லே அதில் இல்லை.

அந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. சி.டி.44, சி.டி.133, சி.டி.117, ஏ.எல்.டி.எச். என்று சில அடையாளங்களை வைத்து ஆய்வகத்தில் இந்தச் செல்களைப் பிரிக்கிறார்கள். ஆனால் இதே அடையாளங்கள் உடம்பின் நல்ல செல்களிலும் இருக்கின்றன, ஒரு நோயாளிக்கு ஒன்று இருக்கும், இன்னொருவருக்கு வேறு இருக்கும். போதாததற்குச் சாதாரணப் புற்றுச் செல்லே கதிர்வீச்சு, கீமோ இவற்றின் அழுத்தத்தில் ஸ்டெம் செல் மாதிரி மாறிக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே எண்ணிக்கை பார்த்து வைத்தியம் செய்கிற பரிசோதனை எதுவும் சினைப்பைப் புற்றுநோயில் வழக்கத்தில் இல்லை. மெட்ஃபார்மின், அதாவது சர்க்கரை மாத்திரை, இந்தச் செல்களைக் குறைக்கிறது என்று ஒரு செய்தி வாட்ஸப்பில் சுற்றுகிறது. அப்படி ஒரு சோதனை 2020இல் வெளிவந்தது உண்மைதான், கணக்கில் எடுத்தவர்கள் 38 பேர், ஒப்பிட்டுப் பார்க்க மாத்திரை சாப்பிடாத குழு அதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் போய் வாங்கிச் சாப்பிடாதீர்கள், என் பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மா சாப்பிட்டுத் தலைசுற்றிக் கிடந்தார்.

யாராவது ஸ்டெம் செல் என்ற பேரில் எதையாவது விற்றால் பார்க்க வேண்டியவை உண்டு. ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சை தவிர, ஸ்டெம் செல் ஏற்றுகிற மற்ற எதையும் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம். "ஸ்டெம் செல்லை அழிக்கிறோம்" என்பவர்கள் நாங்கள் ஏற்றவில்லையே என்று நழுவுவார்கள், ஆகவே அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: இது வழக்கமான வைத்தியமா, ஆய்வா? வழக்கமான வைத்தியம் என்றால் என் புற்றுநோய் டாக்டருக்கு மருந்தின் பேர், அளவு எல்லாம் எழுதிக் கடிதம் கொடுங்கள். ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? அந்தப் பதிவேட்டை இணையத்தில் யாரும் காசில்லாமல் பார்க்கலாம். ஆய்வு மருந்துக்கு நோயாளி காசு கட்ட வேண்டியதில்லை. பாதிப்பு வந்தால் இழப்பீடு உண்டு என்று மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகளில் இருக்கிறது. நான் கடிதம் கேட்டபோது அந்தக் கவுன்சிலர் பெண்ணின் முகம் மாறியதே போதுமான பதிலாக இருந்தது.

திரும்பி வந்து என் டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோது திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை, "இந்த மாதிரி போறவங்க நிறைய பேரும்மா, சொல்லாம இருக்கறதுதான் தப்பு" என்றார். தள்ளிப்போன ஒன்றரை மாதத்தில் நோய் ஈரல் மேல்பக்கமும் வந்திருந்தது. கீமோவைத் தள்ளாமல் இருந்தாலும் வந்திருக்குமோ என்னவோ, அதை யாராலும் சொல்ல முடியாது, அதுதான் ஆத்திரமே. வாரா வாரம் பேக்ளிடாக்செலும், கூடவே பெவாசிசுமாப்பும் ஆரம்பித்தார்கள், பிளாட்டினத்துக்குக் கேட்காத நிலையில் கொடுக்கிற வைத்தியம் இது. பெவாசிசுமாப் போகும்போது பி.பி.யையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்றும் பார்ப்பார்கள், திடீரென்று வயிற்றில் கடும் வலி வந்தால் காத்திருக்காமல் ஓட வேண்டும், குடலில் ஓட்டை விழுகிற ஆபத்து கொஞ்சம் இருக்கிறது. இதே மருந்தில் நம் நாட்டுக் கம்பெனிகள் செய்கிற வகையும் கிடைக்கிறது, விலை நன்றாகக் குறையும், நீங்களாகக் கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள். வலிக்கு மார்ஃபின் மாத்திரை தொடங்கினார்கள். மார்ஃபின் என்றதும் முடிந்தது கதை என்று நினைத்து ஒரு வாரம் போடாமல் வைத்திருந்தேன், போட்ட பிறகுதான் ராத்திரி தூங்கினேன், சமைத்தேன், உழவர் சந்தைக்குக்கூடப் போய்வந்தேன். மலச்சிக்கல் கட்டாயம் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது கட்டி வளரவில்லை, சுருங்கவும் இல்லை, டாக்டர் அதையே நல்ல செய்தி என்கிறார், சரி என்று நானும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பணத்தைப் பற்றி. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும், வருமானச் சான்றிதழை நோய் வந்த பிறகு தேடி அலையாமல் முதலிலேயே எடுத்து வைக்கலாம். எனக்கு அது பொருந்தவில்லை, ஆனால் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்குப் புற்றுநோய் வைத்தியச் செலவுக்கு (1961 வருமான வரிச் சட்டத்தில் 80டிடிபி பிரிவு) 40 ஆயிரம், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம் வரை கழிவு உண்டு, டாக்டரிடம் அதற்கான சீட்டு வாங்க வேண்டும். ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் படிவம் கொடுப்பார்கள். ஆபரேஷனில் எடுத்த திசுவின் மெழுகுக் கட்டைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் எழுதி வைத்திருங்கள். பின்னால் மரபணுப் பரிசோதனைக்கோ இரண்டாம் கருத்துக்கோ அதைத்தான் கேட்பார்கள், எனக்கு அதைத் தேடி எடுக்கவே பல வாரம் ஆனது.

கொழுந்தனார் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசத் தயங்குகிறார், அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அந்த மையத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன், பதில் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் இல்லாமல் நாமே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். ரசீது, வரி வரியாகப் பிரித்து வாங்கிய பில், பரிசோதனை அறிக்கை, அந்தக் கவுன்சிலர் பெண் அனுப்பிய வாட்ஸப் செய்திகள் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்து இணைத்திருக்கிறேன். "ஆரோக்கிய ஆலோசனை" என்று ரசீதில் போட்டவர்கள் வாட்ஸப்பில் "கேன்சர் ஸ்டெம் செல் முழுமையாக நீங்கும்" என்று எழுதியிருக்கிறார்கள், அந்த ஒரு வரியைத்தான் நான் பெரிதாக நம்பியிருக்கிறேன். முதல் விசாரணைத் தேதி கீமோ நாளில் விழுந்தது, தள்ளிக் கேட்டிருக்கிறேன்.